நலம், நலமறிய ஆவல்

எழுபத்தைந்து மீட்டர். ஏணியில் இருநூற்றைம்பது படி.
எண்ணியது நானில்லை, முப்புடாதி.
எண்ணிக்கொண்டே ஏறினால் மூச்சு வாங்காது என்பான்.
பணகுடிக்குத் தெற்கே நாற்பத்தொரு காற்றாலை
எங்கள் இருவர் பொறுப்பில்.

ஆனியில் கணவாய் திறந்துகொள்ளும்.
காவல்கிணறு முக்கில் பைக் தானாகச் சாயும்.
எதிரே நிற்பவனுக்குப் பாதி வார்த்தைதான் போய்ச் சேரும்.

போன ஆனியில் என் தூக்கம் போனது.
முதலில் மூன்று மணிக்கு விழிப்பு,
அப்புறம் விழிப்பு மட்டும்.
குழம்பில் ருசியில்லை என்று லில்லிபாயைத் திட்டினேன்.
அவள் உப்பை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.
சின்னவள் மார்க் அட்டையை நீட்டினாள்,
கையெழுத்துப் போட்டேன்.
"அப்பா, இது என் பேரு எழுதுத இடம்."

பத்தொன்பதாம் நம்பர் மிஷின்.
மூடியைத் திறந்து உச்சியில் ஏறினேன்.
மேற்கே மகேந்திரகிரி மேகத்துக்குள் கிடந்தது.
பெல்ட்டின் கொக்கி என் கையிலேயே இருந்தது,
வெகு நேரம்.
மாட்ட மறந்துவிட்டேன் என்றுதான் பதிவேட்டில் எழுதினேன்.
மறக்கவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது:
"ஏ மக்கா, பதினேழாம் நம்பர் ஸ்பேனர நீயா கொண்டு போன?"
நான்தான்.
என் இடுப்பில் இருந்தது.
அவனுக்கு அது வேண்டும்.
கொக்கியை மாட்டினேன்.

கீழே வந்து ஸ்பேனரைக் கொடுத்தேன். அதையும் சொன்னேன்.
காற்றில் பாதிதான் கேட்டிருக்கும்.
வண்டிக்குள் கூட்டிப்போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு,
மீதியைக் கேட்டான்.
"சரி. நாளைக்கு ஐகிரவுண்டுக்குப் போவோம்.
லீவுக்கு நான் சொல்லுதேன்."

ஓ.பி. சீட்டில் 'மனநலப் பிரிவு' என்று முத்திரை.
எங்கள் பள்ளிக்கூடப் பாதையில்
மெண்டல் என்று ஓர் ஆள் இருந்தார்.
கல்லெறிவோம்.
என் கல்லும் ஒருநாள் பட்டது.
அவர் பேர் என்னவென்று நான் கேட்டதே இல்லை.
வரிசையில் அவர் சாயலைத்தான் தேடினேன்.
இருந்தவர்கள்:
மஃப்டியில் ஒரு போலீஸ்காரர்,
கைக்குழந்தையோடு ஒருத்தி,
நீட் கோச்சிங் பையை மடியில் கவிழ்த்து வைத்த பையன்,
டூட்டி முடிந்த கையோடு வந்த கண்டக்டர்.

இரண்டு மணி நேரம். வாசிக்க அந்தச் சீட்டுதான்.
இத்தனை வருசமும் 'மன' வரைக்கும்தான் வாசித்திருக்கிறேன்.
பின்னாலேயே 'நல' என்று இரண்டு எழுத்து இருந்தது.

ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லித் தந்தார்கள்.
நலம், நலமறிய ஆவல்.
நலமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று
யாரும் சொல்லவில்லை.
கை தானாக எழுதியது, ஐந்து மதிப்பெண்.
மஸ்கட்டில் இருக்கும் அண்ணனுக்கு
ஆனி முழுக்க அனுப்பியதும் அதைத்தான்:
"நல்லா இருக்கேன்."

டாக்டரம்மா தூக்கத்தைக் கேட்டார், பசியைக் கேட்டார்,
குரலை மாற்றாமல் பெல்ட்டையும் கேட்டார்.
என்ன வேலை என்றார். சொன்னேன்:
காற்று ஓரளவுக்கு மேல் போனால்
மிஷின் தானே பிரேக் போட்டுக்கொள்ளும்.
ஊர்க்காரர்கள் கேட்பார்கள்,
இவ்வளவு காத்தடிக்கி, ஓடலியே, கெட்டுப்போச்சோ?
கெடவில்லை, கெடாமல் இருக்கத்தான் நிற்கிறது.
"மிஷினுக்குத் தெரியுது" என்றார்.
நான் மிஷின் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரை பிடிக்க மூன்று வாரம் ஆனது.
டப்பா அரிசி வாளிக்குப் பின்னால் இருக்கிறது.
அக்கம்பக்கத்தில் முதுகுவலி என்று
லில்லிபாய் சொல்லி வைத்திருக்கிறாள்.
இருக்கட்டும், முதுகும் வலிக்கத்தான் செய்கிறது.
சில நாள் இன்னும் மண்ணாங்கட்டிதான்.
அன்றைக்கு முப்புடாதி ஏறுவான்,
நான் கீழே நின்று ஸ்பேனர் எண்ணுவேன்.

புரட்டாசி. காற்று அடங்கிவிட்டது.
நேற்று அண்ணன் கேட்டான்: "எப்படிடே இருக்க?"
பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.
முதல் பத்து விநாடி என் மூச்சுதான்.
"நேத்து அஞ்சு மணி வரைக்கும் தூங்கினேன்.
அதுக்கு முன்னாடி, நாலு மாசம், தூங்கல."
அனுப்பிவிட்டேன்.

அவன் பக்கம் 'பதிவாகிறது' என்று வந்தது.
நின்றது.
மறுபடி வந்தது.